நாற்பத்தேழு, பச்சை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘பிரதியில் சில திருத்தங்கள் செய்திருக்கிறேன், பார்த்து ஒப்புதல் தரவும்’ என்று ஒரே வரி, கீழே ஒரு சுட்டி. அழுத்தினேன். தினமும் பார்க்கும் அதே நுழைவுப் பக்கம் வந்தது. கடவுச்சொல்லை அடித்தேன். கைபேசிக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதையும் அடித்தேன். வெற்றுப் பக்கம் ஒன்று திறந்தது. ஒரு திருத்தம்கூட இல்லையே, நம் எழுத்து அவ்வளவு தேறிவிட்டதா என்று என்னையே மெச்சிக்கொண்டு டீ போடப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை என் பல் மருத்துவர் கூப்பிட்டார். “சார், என் பிரதியில திருத்தம் பண்ணியிருக்கேன்னு அனுப்பியிருக்கீங்க. நான் எப்ப சார் பிரதி எழுதினேன்?”

என் முகவரிப் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என் பெயரில் அதே வரி போயிருந்தது. பாதிப் பேர் அழுத்தியும் விட்டார்கள். எழுத்தாளனாக என் பேச்சை இத்தனை பேர் கேட்டது இதுதான் முதல் தடவை.

பழிவாங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கதை எழுதுவது. உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: ‘இருட்டறையில், முகம் தெரியாமல் துணி போர்த்தி, அவன் விசைப்பலகையின் மேல் விரல்களை—’

[விட்டுவிட்டேன். திருடனை நான் பார்த்ததே இல்லை. அவன் நல்ல வெளிச்சத்தில், மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டபடி வேலை செய்கிறவனாகவும் இருக்கலாம்.]

தொடக்கம் இரண்டு: ‘முன்பின் தெரியாத சுட்டிகளை அழுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியும்—’

[இது அறிவிப்புப் பலகை. தவிர, மெய்ப்புப் பார்ப்பவரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். தெரிந்தவர் பெயரில் வந்ததால்தானே அழுத்தினேன்?]

தொடக்கம் மூன்று என்று ஒன்று எழுதுவதற்குள் வாசல் மணி அடித்தது. என் கணக்கைச் சரிசெய்து தர வந்திருந்தாள் என் மனைவியின் சித்தப்பா மகள். ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். யார், எப்போது, எங்கிருந்து, எந்தக் கருவியோடு உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவுகளை நாள் முழுக்கப் படிப்பதுதான் அவள் வேலை. எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ஏனம்மா’ என்று பெயர். எனக்கும் அந்தப் பெயர் போதும்.

2

“ரெண்டு பூட்டு போட்டிருந்தேனே?” என்று கேட்டேன்.

“ரெண்டு பூட்டும் நல்லாத்தான் இருக்கு மாமா. ரெண்டையும் திறந்துவிட்டது நீங்கதான்.”

“போலிப் பக்கத்தைக் காட்டி ஏமாத்திட்டான்.”

“போலின்னு சொல்ல முடியாது. நிஜப் பக்கத்தையே நடுவுல உக்காந்து உங்களுக்குக் காட்டுறான். நீங்க அடிக்கிறத எடுத்துட்டுப் போய் அங்க குடுக்குறான். அவங்க கேக்குறத எடுத்துட்டு வந்து உங்ககிட்ட கேக்குறான். மேல இருக்கிற முகவரி மட்டும்தான் வேற. அத நீங்க பாக்கல.”

“அப்ப எனக்கு வந்த நம்பர்?”

“நிஜ நம்பர். நிஜமா உங்களுக்குத்தான் வந்துச்சு. அதையும் அவன் கையில குடுத்தீங்க.”

நுழைந்த பிறகு, தளம் நம் கணினியிடம் ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்குமாம்: ‘இவரை விசாரித்தாகிவிட்டது, இனிக் கேட்க வேண்டாம்.’ நடுவில் உட்கார்ந்திருப்பவன் கடைசியில் பையில் போட்டுக்கொள்வது அந்தச் சீட்டைத்தான். அதன் பிறகு கடவுச்சொல்லும் எண்ணும் அவனுக்குத் தேவையே இல்லை.

கேட்கக் கேட்க எனக்குக் கோபம் கழன்றுகொண்டே போனது. அந்த ஒரு வரி மின்னஞ்சலைத் தவிர வேறு பொய்யே சொல்லாமல், இரண்டு பக்கத்து உண்மையையும் அப்படியே கடத்தி ஒருவரை ஏமாற்ற முடியும் என்பது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்.

“உங்க கேஸ் சப்புன்னு இருக்கு மாமா,” என்றாள், என் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபடி. “எங்க ஆஸ்பத்திரியில நடந்தத வேணா எழுதுங்க. அதுல எல்லாரும் சரியாத்தான் வேலை செஞ்சாங்க.”

3

புதன்கிழமை. ஏனம்மாவின் திரையில் இரண்டு வரிகள்.

காலை 10.42: எலும்பு அறுவைப் பிரிவின் பெரிய டாக்டர் கணக்கில் ஒரு நுழைவு. எங்கிருந்து? வேறொரு நாட்டில், யாரோ வாடகைக்கு எடுத்த கணினியிலிருந்து.

காலை 10.42, இருபது விநாடி தள்ளி: நுழைவுக்கு அனுமதி. எந்தக் கருவி? பெரிய டாக்டரின் சொந்தக் கைபேசி. எங்கே இருக்கிறது? மருத்துவமனையின் உள்வலையில், அறுவை அரங்கம் இருக்கும் மூன்றாவது மாடியில்.

வேறு ஆளாக இருந்தால் இந்த இரண்டு வரிகளையும் தாண்டிப் போயிருப்பார்கள். பெரிய டாக்டர் மாநாடு மாநாடாகப் பறக்கிறவர். வெளிநாட்டு நுழைவு என்றால் அலறும் எச்சரிக்கையை, தொல்லை தாங்காமல், அவருக்கு மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள். அனுமதியும் முறைப்படி கிடைத்திருக்கிறது. திரையில் பச்சை நிறம்.

ஏனம்மாவுக்குத் தாண்டிப் போக மனசு வரவில்லை. கதவைத் தட்டுகிறவன் ஒரு நாட்டில், கதவைத் திறக்கிற கைபேசி இன்னொரு நாட்டில். ஏன்?

அறுவைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். முழங்கால் மாற்று அறுவை. கத்தி வைத்த நேரம் 10.15. அப்படியானால் 10.42க்குப் பெரிய டாக்டரின் இரண்டு கைகளும் கையுறைக்குள், ஒரு மனிதருடைய முழங்காலுக்குள் இருந்திருக்கின்றன. கைபேசியை அமுக்கியது யார்?

(முதல் பிரதியில் இந்த இடத்தில் ‘அவள் முதுகுத்தண்டு சில்லிட்டது’ என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு, “எனக்கு எங்க மாமா சில்லிட்டுச்சு? குஷியால்ல இருந்துச்சு,” என்றாள். எடுத்துவிட்டேன். உண்மையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புதிர் கிடைத்தால் அவளுக்குப் பசிகூட எடுக்காது.)

பெரிய டாக்டரின் அஞ்சல் பெட்டிக்குள் பார்த்தாள். 10.46க்கு ஒரு புதிய விதி முளைத்திருந்தது: வரும் பதில்கள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு கோப்புறைக்குள் போய் விழட்டும் என்று. 10.51க்கு முப்பத்தொரு டாக்டர்களுக்கு அவர் பெயரில் ஒரே வரி: ‘நோயாளியின் எக்ஸ்ரே படங்கள் இணைத்துள்ளேன், உடனே பார்க்கவும்.’

4

மேலாளரிடம் ஓடினாள். [நடந்து போனாள். திருத்தம் அவளுடையது.]

மேலாளர் பெரிய டாக்டரின் கடவுச்சொல்லை மாற்றினார். “முடிஞ்சுது,” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்தும் திருடன் உள்ளே உலாவிக்கொண்டிருந்தான். சீட்டு அவன் பையில் இருக்கிறதே, கடவுச்சொல்லை மாற்றினால் அவனுக்கென்ன? சீட்டையே கிழிக்க வேண்டும். முப்பத்தொரு பேரில் யார் யார் ஏமாந்தார்கள் என்று தெரியாததால் எல்லோருடைய சீட்டையும் கிழிக்க வேண்டும். கிழித்தால், உள்ளே அறுவை அரங்கத்தின் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருக்கும் படமும் அணைந்துபோகும். முழங்கால் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

அரங்கத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது அவளுடைய அண்ணி.

இவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஏனம்மாவின் அண்ணன் மனைவி. அந்த அறுவை அரங்கத்தின் தலைமை நர்ஸ், இருபத்திரண்டு வருடமாக. ஏனம்மாவுக்கு இந்த மருத்துவமனையில் வேலை காலி இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். ஒரே வீட்டில் இருக்கிறார்கள். காலையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் அடித்துப் பிடித்துத் தலை வாருகிறவர்கள்.

“அண்ணி, உள்ள இப்ப ஸ்கிரீன் வேணுமா?”

“தையல் போட்டுட்டு இருக்காங்க. இனிமே படத்தப் பாத்து என்ன பண்ணப் போறாங்க? ஏன் கேக்குற?”

“அப்புறம் சொல்றேன்.”

12.03க்கு எல்லாச் சீட்டுகளையும் கிழித்தாள். மருத்துவமனை முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். திரும்ப உள்ளே வர எல்லோரும் கதவைத் தட்டியாக வேண்டும். 10.42ன் விடை அப்போது மூன்றாவது மாடியில் கிடைக்கும் என்று ஏனம்மாவுக்குத் தோன்றியது. மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினாள்.

5

அரங்கத்துக்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை. மேசையில் நீல நிறப் பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஆறு கைபேசிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிற நாடா. உள்ளே கைபேசி போகக் கூடாது என்பதால் டாக்டர்கள் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டுப் போகிற இடம் அது. பக்கத்தில் டாக்டர்கள் அறை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கணினிகள், அவற்றின் முன்னால் டாக்டர்களின் உதவியாளர்கள்.

மேசைக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார்.

“அறுபத்திரெண்டு, மஞ்சள்!” என்று அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அண்ணி மஞ்சள் நாடாக் கைபேசியை எடுத்தார், திறந்தார், 62 என்று அடித்தார், வைத்தார்.

“பதினெட்டு, வெள்ளை!”

எடுத்தார், அடித்தார், வைத்தார்.

“இன்னிக்கு என்ன எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்குது?” என்றார் அண்ணி, நாத்தனாரைப் பார்த்து, கை நிற்காமல். “எண்பத்தொண்ணா, எழுபத்தொண்ணா? சரியாச் சொல்லும்மா!”

ஏனம்மா சிவப்புக் கோட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“அண்ணி, இத எத்தன நாளா பண்றீங்க?”

“நம்பர் முறை வந்ததுல இருந்து. அதுக்கு முன்னாடி நம்பர் கிடையாது, ‘ஆமா’ன்னு வரும், அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். இப்பதான் கத்த வேண்டியிருக்கு. தொண்டத்தண்ணி வத்துது. யாரு உங்க பிரிவுல இந்த யோசன சொன்னது?”

யோசனை ஏனம்மாவுடையது. கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமா’ அமுக்குகிறார்கள் என்பதற்காக, திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் அடிக்க வேண்டும் என்று சென்ற வருடம் கொண்டுவந்தாள். திரைக்கு முன்னால் இருப்பவரும் கைபேசி வைத்திருப்பவரும் ஒரே ஆள்தானா என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி இல்லை என்று கூட்டத்தில் படம் போட்டு விளக்கியிருந்தாள்.

“பத்தே முக்காலுக்கு ஒண்ணு அடிச்சீங்களா?”

“அடிச்சேன். நாப்பத்தேழு, பச்சை. பெரிய டாக்டரோடது. ஏன்?”

6

கொஞ்சம் நில்லுங்கள். இங்கே எனக்கு ஒரு கட்டுரைத்தனமான அரிப்பு.

திருடன் நிஜ எண்ணைத்தான் கடத்தினான். சின்ன டாக்டர் (பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், அவரைச் சந்திக்கப் போகிறோம்) நிஜ எண்ணைத்தான் கத்தினார். அண்ணி நிஜக் கைபேசியில்தான் அடித்தார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏனம்மா சொன்னதை உங்களிடம் கொண்டுவருகிறேன். நீங்கள் ‘அப்புறம்?’ என்று கேட்பதை அவளிடம் கொண்டுபோகிறேன். நீங்கள் பார்ப்பது அவள் முகம் என்று நினைக்கிறீர்கள். மேலே இருக்கும் முகவரி என்னுடையது.* போகிற போக்கில் நானும் எதையோ பையில் போட்டுக்கொள்கிறேன். அது என்ன என்று யோசித்தேன். ‘இவர் சொல்வதை நம்பலாம்’ என்று நீங்கள் ஐந்தாவது பகுதிக்குள் எப்போதோ எனக்குக் கொடுத்த சீட்டு.

[* முகவரியைப் பார்த்துப் பழகுங்கள் என்று ஏனம்மா எல்லோருக்கும் சொல்கிறாள். பார்க்க மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் கேட்பது விரல் அளவுக்கு ஒரு சாவி. கணினியில் செருகி விரலால் தொட வேண்டும். மனிதர்கள் பார்க்க மறக்கும் முகவரியை அந்தச் சாவி தானே பார்க்கும். வேறு முகவரி என்றால் எவ்வளவு தொட்டாலும் வாயைத் திறக்காது. எண்ணைக் கத்தலாம். சாவியைக் கத்த முடியாது. ஆனால் ஒருவருக்குச் சாவி கொடுக்க, அவர் பெயரில் முதலில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.]

7

அறிக்கைப் படிவம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போக வேண்டும். பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்கும் ஏனம்மாவுக்குப் பதில் தெரியும். பதினான்காவது: ‘நுழைவை அனுமதித்தவர்.’ ஒரு பெட்டி. ஒரு பெயர்தான் கொள்ளும். காலியாக விட்டால் படிவம் நகராது.

பெட்டியில் பெயர் வந்தவர், விசாரணை முடியும்வரை வேறு இடத்துக்கு மாற்றப்படுவார் என்பது விதி. போன தடவை மருந்தகத்தில் ஒருவர் பெயர் வந்தது. விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. குற்றமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியபோது அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றும் உண்டு. எந்தப் பெயரோ அந்தப் பெயருக்குத்தான் வைத்தியம். நர்ஸ் பெயர் எழுதினால் நர்ஸ் மாறுவார். அந்த நீலத் தட்டை அடுத்து வரும் நர்ஸ் வாங்கிக்கொள்வார்.

ஏனம்மா தன் வழக்கப்படி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போனாள். அண்ணி ஏன் அடித்தார்? சின்ன டாக்டர் கத்தினார். அவர் ஏன் பெரிய டாக்டரின் கணக்கைத் திறந்தார்? அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள்.

“அவருக்கு வர்ற எக்ஸ்ரே படத்த எல்லாம் நான்தான் மேடம் முதல்ல பாத்து எடுத்து வைக்கணும். படம் வந்திருக்குன்னு மெயில் வந்துச்சு, அழுத்தினேன்.” அந்தப் பெண்ணின் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. “இன்னொரு ஆஸ்பத்திரி டாக்டர் பேர்ல வந்துச்சு மேடம். அவர் அடிக்கடி அனுப்புறவர்தான்.”

“உங்க சொந்த அக்கவுண்ட்லயே பாக்கலாமே. ஏன் அவரோடதுல போனீங்க?”

“எனக்கு அக்கவுண்டே கிடையாதே மேடம். மூணு தடவ விண்ணப்பம் போட்டேன். மூணு தடவையும் திரும்பி வந்துருச்சு.”

“யாரு திருப்பினது?”

“உங்க பிரிவுதான்.”

“ஏன்?”

“காரணம் எதுவும் போடல மேடம்.”

ஏனம்மா மேலே கேட்கவில்லை. அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவள் என்னிடம் இதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் வீட்டு ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

[பேனா என்று பேச்சுக்குச் சொன்னேன். தட்டச்சுதான்.]

அந்த விண்ணப்பத்தில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தது. ஆனால் அது அவருடையது இல்லை. கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்து, அடியில் ஒரு புள்ளியோடு நின்றது. வீட்டில் எந்த மளிகைப் பட்டியலை எடுத்தாலும் ஏனம்மாவின் கண்ணில் படுகிற வால் அது. கையுறையோடு நிற்கும் டாக்டருக்கு நம்பரை அடித்துக் கொடுப்பதுபோலவே, கையெழுத்தையும் அண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏற்றுக்கொண்டால் தவறு. ‘கையெழுத்து அவருடையதல்ல’ என்று காரணம் எழுதினால் அண்ணி மாட்டுவார். அதனால் ஏனம்மா காரணம் எழுதாமல் திருப்பினாள். அடுத்த முறையும் அதே வால் வந்தது, திருப்பினாள். மூன்றாவது முறையும். பத்தொன்பது நாள் ஓடின. தனக்கென்று கணக்கு இல்லாத சின்ன டாக்டர், பெரிய டாக்டரின் கணக்கைத் திறந்து, எண்ணைக் கத்தினார்.

8

வெள்ளிக்கிழமை, மூன்று மணி. மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையின் மூலை மேசை. ஏனம்மாவின் மடிக்கணினி திறந்திருக்கிறது, பதினான்காவது பெட்டி காலி. எதிரே அண்ணி, தலையில் இன்னும் அரங்கத்துத் தொப்பி.

ஏனம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வாலைப் பற்றியும் சொன்னாள்.

“மூணு தடவையும் என் கையெழுத்துன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது அண்ணி.”

“தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட.”

“கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு—”

“எனக்கா, உனக்கா?”

ஏனம்மா மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் ஏன் ஏன்னு குடையுற. அந்தச் சின்னப் பொண்ணக்கூட உக்காரவச்சு ஏன்னு கேட்டவ நீ. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, ‘கையெழுத்து போடுறதுக்குக்கூட அந்த ஆளுக்கு நேரமில்ல, போய் அவரப் புடி’ன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கே அக்கவுண்ட் கிடைச்சிருக்கும்.” அண்ணியின் குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. “என்னக் காப்பாத்துறேன்னு நீயா நினைச்சுக்கிட்ட. நான் கேட்டனா?”

“தப்புதான் அண்ணி.”

“சரி, எழுது. என் பேர எழுது. அடிச்சது நான்தான?”

“எழுதினா உங்கள வார்டுக்குத் தள்ளிடுவாங்க. திரும்ப உள்ள வரவே விட மாட்டாங்க.”

“எழுதலன்னா நாளைக்கும் கத்துவாங்க. நானும் அடிப்பேன். கை பழகிப்போச்சு, என்னால நிறுத்த முடியாது.” அண்ணி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஆனா ஒண்ணு. அந்த அரங்கத்த விட்டுட்டு வேற எங்கயாவது போய் நில்லுன்னு சொன்னா எனக்கு உசுரே போயிடும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு எழுது.”

9

முடிவுகள்.

(அ) ஏனம்மா ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதுகிறாள். படிவம் நகர்கிறது. அண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் மேலும் தவறு இல்லை என்பதால், அவள் கேட்கும் சாவியை வாங்க மருத்துவமனைக்கு ஒரு காரணமும் இல்லை. திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடியில்—

[எழுத முடியவில்லை. இதே காரியத்தை அவள் ஏற்கெனவே மூன்று தடவை செய்துவிட்டாள்.]

(ஆ) அண்ணி பெயரை எழுதுகிறாள். அது உண்மை. படிவம் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அண்ணி வார்டுக்குப் போகிறார். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் இருவரும் வேறு வேறு நேரத்தில்—

[உண்மைதான். ஆனால் நடுவில் இருப்பவன் கடத்திய எண்ணும் உண்மைதானே.]

(இ) தன் பெயரையே எழுதுகிறாள். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது, அதனால் சந்தேகம் வந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு மாமா. எனக்குச் சிலை வைக்கிற மாதிரி இருக்கு. ஆனா நான் அடிக்கலயே. அண்ணிய ஒரு வார்த்த கேக்காம திரும்பவும் நானே காப்பாத்துற மாதிரில்ல இருக்கு?”

(ஈ) பெரிய டாக்டர் பெயர். கணக்கு அவருடையது, கைபேசி அவருடையது, போடாத கையெழுத்தும் அவருடையது. எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் அவர் அந்த நேரத்தில் ஒரு மனிதரை நடக்கவைக்கும் வேலையில் இருந்தார். அந்த நோயாளி இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாராம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அந்த டாக்டரைக் கும்பிடச் சொல்கிறாராம்.

(உ) பெட்டியில் ஒரு பெயர்தான் கொள்ளும் என்ற படிவத்தையே மாற்றச் சொல்லி அவள்—

“நாலு மணிக்குள்ளயா?” என்றாள்.

சரி, நிஜத்தில் என்னதான் எழுதினாய் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. ரகசியத்துக்காக இல்லை. “சொல்லிட்டா எல்லாரும் அதப் படிச்சிட்டு, சரி அல்லது தப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க மாமா. அந்த மேசையில உக்காந்து பாக்கணும். அப்பதான் தெரியும்.”

ஆகவே உட்காருங்கள். நாற்காலியை இழுத்துவிட்டிருக்கிறேன். மூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம். பெட்டி காலியாக இருக்கிறது, உள்ளே கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பெயரை எழுதினால் எது நடக்கும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். நான் இங்கே எழுந்துகொள்கிறேன், இனி நடுவில் யாரும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் போக முடியாது. அண்ணி எழுந்து போய்விடவில்லை. மேசையைச் சுற்றி வந்து, உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கிறார். ஒரு கை உங்கள் தோளின் மேல் இருக்கிறது. அது உங்களைத் தடுக்கிறதா, தட்டிக்கொடுக்கிறதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கேளுங்கள்.